சிவப்பு டீசல் விஷயமாக மச்சானுக்கு

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு ஐம்பத்தொரு வருஷமாகத் தாக்குப்பிடிக்கிற மாப்பிள்ளை சொல்லி எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கச்சி, உங்கள் மருமகனாகிய என் மகன், எல்லாரும் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம். அங்கே நீங்களும் மகள் வீட்டில் முழங்கால் வலி ஒன்றைத் தவிர மற்றபடி சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டில் யாரிடம் சொல்லி எழுதினாலும் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்பதால் நகல் எடுக்கிற கடைக்காரரிடம் வந்து உட்கார்ந்திருக்கிறேன். கோர்ட்டில் முப்பது வருஷம் டைப் அடித்தவர். நான் சொல்லுகிற சில வார்த்தைகளை எழுத மாட்டேன் என்கிறார். அந்த இடங்களில் நீங்களே போட்டுப் படித்துக்கொள்ளவும். என்னோடு ஒரே வண்டியில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவருக்கு எந்த இடத்தில் என்ன வரும் என்று தெரியாதா.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வருகிற புதன்கிழமைக்குள் எப்படியாவது புறப்பட்டு இங்கே வந்து சேர வேண்டும். வந்து, ஒரு அதிகாரியம்மாவின் முன்னால் நின்று, ஒரே ஒரு பொய் சொல்ல வேண்டும். சின்னப் பொய்தான். மூச்சு வாங்காமல் சொல்லி முடித்துவிடலாம். என்ன பொய், எதற்குப் பொய் என்று ஒழுங்காகச் சொன்னால்தான் நீங்கள் தடுமாறாமல் சொல்வீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நாம் கடைசியாக ஓட்டிய லாரியை, அதுதான் நம் பெரியக்காவை, எட்டு வருஷத்துக்கு முன்னால் விற்றோமே, அன்றைக்கு அதன் டேங்கில் மிச்சம் கிடந்த டீசலை ஒரு கேனில் பிடித்து வைத்தோம். நமக்கு இருந்த வழக்கம் அது. பழைய வண்டியின் வயிற்றில் கடைசியாகக் கிடந்ததைப் புது வண்டியின் வயிற்றில் முதலில் ஊற்ற வேண்டும். நீங்கள்தான் ஆரம்பித்து வைத்தீர்கள். "ஒரு வண்டி படிச்ச ரோட்டை அடுத்த வண்டிக்குச் சொல்லிக் குடுக்கணும் மாப்ளே" என்றீர்கள். முதல் வண்டியிலிருந்து இரண்டாவதுக்கு ஊற்றினோம், இரண்டாவதிலிருந்து பெரியக்காவுக்கு ஊற்றினோம். மூன்று வண்டியும் ஒரு தாய் பிள்ளைகள் மாதிரி ஒரே இடத்தில்தான் இருமும், ஒரே மேட்டில்தான் அடம்பிடிக்கும். ஆனால் உங்கள் மருமகன் நாலாவது வண்டியை வாங்கிக்கொண்டு வந்தபோது கேனோடு ஓடிய என்னைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டான். அது கம்ப்யூட்டர் வைத்த வண்டியாம். டீசல் போதாதென்று, புகையைச் சுத்தம் பண்ண நீலக் கேனில் தனியாக மருந்து வேறு குடிக்குமாம். மருந்து குடித்து ஓடுகிற வண்டியை நான் அப்போதுதான் பார்க்கிறேன். நமக்கே அறுபது தாண்டித்தான் மருந்து வந்தது.

கேனை ஷெட்டுக்குள் பழைய டயர்களுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். எட்டு வருஷம் அது அங்கேயே இருந்தது. வாரம் ஒரு தடவை மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடுவேன். மறைக்க என்ன இருக்கிறது மச்சான், அது துறைமுகத்துச் சிவப்பு டீசல், பெரியக்காவின் கடைசி ஓட்டத்துக்கென்று பழைய ஆசைக்கு ஒரே ஒரு தடவை வாங்கி ஊற்றியது. படகுக்காரர்களுக்கென்று அரசாங்கம் வரியில்லாமல் கொடுத்து, ரோட்டு வண்டிக்காரன் திருடிவிடக் கூடாது என்று சாயம் கலந்து விட்டதே, அது. திருடியவர்கள் நாம்தான். மூடியைத் திறந்தால் போதும், விடியற்காலைத் துறைமுகம் அப்படியே எழுந்து வரும். ஈரக் கயிறு, படகில் பாடுகிற ரேடியோ, தகரப் புனலைத் தூக்கிக்கொண்டு உங்களைப் பார்த்ததும் சிரிக்கிற அந்த ஒற்றைக்கண் படகுக்காரர், சாயம் ஒட்டிய கையோடு நீங்கள் பீடி பற்றவைத்து, அவர் பதறிப்போய் உங்களைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது, எல்லாம் வரும்.

போன வாரம் உங்கள் மருமகன் ஷெட்டை இடித்துவிட்டு ஆபீஸ் ரூம் கட்டப் போகிறேன் என்றான். உள்ளே கிடக்கிற குப்பையை ஒழித்துத் தரச் சொன்னான். டயரை ஒழித்தேன், உடைந்த ஜாக்கியை ஒழித்தேன், கேனைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். கீழே கொட்டுவதா? டீசலைத் தரையில் கொட்டிய கை அடுத்த ஸ்டியரிங்கைப் பிடிக்காது என்று நீங்கள்தானே என் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னது. வியாழக்கிழமை மத்தியானம், டிரைவர் சாப்பிடப் போயிருந்தான், உங்கள் மருமகன் பேங்குக்குப் போயிருந்தான், வண்டி முற்றத்தில் தனியாக நின்றது, டேங்க் மூடியின் சாவி ஆணியில் தொங்கியது. ஒரு மனுஷனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும். எடுத்தேன், திறந்தேன், ஊற்றினேன். அது குடுகுடுவென்று குடித்தது மச்சான். வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

வீட்டுக்குப் போனால் உங்கள் தங்கச்சி கையில் கரண்டியோடு நின்று மோப்பம் பிடிக்கிறாள். "என்ன, பழைய வாசனை அடிக்குது?" கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டேன் என்றேன். எந்தக் கதவு என்று கேட்கவில்லை. அந்தக் காலத்தில் என் சட்டையை மோந்தே எந்த ரோட்டில் போய் வந்தேன் என்று சொல்லுவாளே, அந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குச் சாப்பாடு ருசியாக இருந்தது. அதோடு நல்ல காலம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை வண்டி நாற்பது மெத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. எட்டு வருஷம் கேனில் கிடந்த டீசல் தாராகிவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பாலத்து மேட்டில் ஏறும்போது வண்டி முதலில் வெள்ளைப் புகை விட்டதாம், அப்புறம் கறுப்பாம், அப்புறம் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற சின்ன விளக்குகள் எல்லாம் ஒன்று விடாமல் எரிந்ததாம், அப்புறம் நின்றுவிட்டதாம். எங்கே நின்றது என்கிறீர்கள்? எரிபொருள் சோதனைச் சாவடிக்கு முப்பது அடி முன்னால். சாவடிக்காரர்களுக்கு நம் வண்டியைச் சோதிக்கிற எண்ணமே இல்லை மச்சான். போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிற்கிறதே என்று பாவம் பார்த்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். அவர்களாகவே தள்ளி, அவர்கள் கொட்டகைக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். உபகாரம் செய்த களைப்பில் ஒருவர், டீசல் தீர்ந்துவிட்டதோ என்னவோ என்று நல்ல மனதோடு டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்திருக்கிறார். குச்சி நுனியில் சுற்றியிருந்த வெள்ளைத் துணி வெட்கப்பட்ட பெண்ணின் கன்னம் மாதிரி சிவந்துகொண்டு வெளியே வந்தது.

அந்தச் சாவடிக்கு அதிகாரியாக இருப்பது ஒரு அம்மா. ஒல்லியானவர், மூக்குக்கண்ணாடி போட்டவர், குரலை உயர்த்தாதவர். நம் காலத்து அதிகாரிகள் கத்துவார்கள், நாமும் கத்துவோம், டீ குடிப்போம், முடிந்துவிடும். இந்த அம்மா கத்தாமல் எழுதிக்கொள்கிறார். ஒரு டேங்க் முழுக்கச் சிவக்க ஒரு கேன் போதும், ஆனால் அந்த ஒரு கேனை ஊற்றியது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றாராம். முதலாளி வாங்கி ஊற்றியிருந்தால் பெர்மிட் ஆறு மாதம் நிறுத்தம். டிரைவர் நல்ல டீசலை வெளியே விற்றுவிட்டு இதை ஊற்றியிருந்தால் அவன் லைசென்ஸ் ரத்து. புதன்கிழமை விசாரணை. அதுவரை வண்டி அங்கேயே, மெத்தையோடு. சாவடியில் இரண்டு பேருக்கு முதுகுவலி தீர்ந்துவிட்டது என்று கேள்வி. மெத்தைக் கடைக்காரர் தினமும் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, இந்த நகல் கடைக்காரர் எழுத மறுக்கிற வார்த்தைகளை எல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்.

இப்போது டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்ததில்லை. நாற்பது வயது, மனைவி இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். வாயைத் திறந்து பேசுவதில்லை என்பதால் எல்லாரும் சாந்தம் என்றுதான் கூப்பிடுகிறோம். ஆறு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழவிடாதவன். நான் காலையில் முற்றத்தில் போய் உட்கார்ந்தால் எனக்காகவே இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓடவிடுவான், நான் கேட்டுவிட்டுத் தலையாட்டினால்தான் வண்டியை எடுப்பான். அவனை உங்கள் மருமகன் சனிக்கிழமை காலையில் கூப்பிட்டு, முற்றத்தில் எல்லாரும் பார்க்க, "உன்ன நம்பித்தானே சாவியக் குடுத்தேன். என் வயித்துல அடிக்க உனக்கு எப்பிடி மனசு வந்துச்சு?" என்று கேட்டான். சாந்தம் நான் செய்யவில்லை என்று ஒரு தடவை சொன்னான். அப்புறம் சாவியை மேஜைமேல் வைத்தான். சீட்டில் விரித்திருந்த துண்டை மடித்து எடுத்துக்கொண்டான், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டான், போய்விட்டான். நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். அங்கேதான் இருந்தேன், என் நாற்காலியில். 

உங்கள் தங்கச்சி அன்றிலிருந்து மகனோடு பேசுவதில்லை. அவன் பக்கம் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சாந்தம் வீட்டுக்கு இரண்டு தடவை போய்ப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வந்து என்னிடம் சொல்கிறாள், லைசென்ஸ் போய்விட்டால் அவனுக்கு வேறு தொழில் தெரியாதாம், பெரியவள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறாளாம். நான் அப்படியா என்றேன்.  உண்மையைச் சொன்னால் உங்கள் மருமகன் என்னை அடிக்கப் போவதில்லை, திட்டக்கூட மாட்டான். முற்றத்துக் கேட் சாவியை வாங்கிக்கொண்டு, "அப்பா, நீங்க வீட்டுலயே இருங்க, ரெஸ்ட் எடுங்க" என்பான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பயப்படுகிறேன். காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இஞ்சின் சத்தம் கேட்காவிட்டால் நான் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

அதனால்தான் நீங்கள் வர வேண்டும். மச்சானாகிய நீங்கள் போன வியாழக்கிழமை எங்களைப் பார்க்க வந்ததாகவும், ஷெட்டில் இருந்த உங்கள் பழைய கேனைப் பார்த்து ஆசைப்பட்டு, யாருக்கும் தெரியாமல் நீங்களே ஊற்றிவிட்டு ஊருக்குப் போய்விட்டதாகவும் சொன்னால் போதும். உங்களுக்கு லைசென்ஸ் கிடையாது, அதனால் ரத்து செய்ய முடியாது. பெர்மிட் கிடையாது, நிறுத்த முடியாது. வயது எழுபத்தாறு, உள்ளே போடமாட்டார்கள். உங்களைவிடப் பொருத்தமான ஆள் எனக்குக் கிடைக்கவில்லை.

உங்களுக்கு லைசென்ஸ் ஏன் இல்லை என்று கடைக்காரர் கேட்கிறார். நான் சொல்லிக்கொண்டே போகிறேன், அவர் எழுதிக்கொண்டே வருகிறார், இது உங்களுக்குத் தெரிந்த கதை, வேண்டுமானால் தாண்டிப் படிக்கவும். பெரியக்காவில் வெளியே ஒரு டேங்க், அதில் எப்போதும் சுத்தமான டீசல். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்கிற பலகைக்கு அடியில் இன்னொரு டேங்க், அதில் சிவப்பு. சோதனை வந்தால் வெளி டேங்கைக் காட்டுவோம். நீங்கள் பலகைமேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு காய்ச்சல்காரர் மாதிரி முனகுவீர்கள். என்ன முனகல் அது. ஒரு தடவை ஒரு அதிகாரி தன் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனார், ஒரு தடவை ஒருவர் கண்கலங்கி நின்றார். ஒன்பது வருஷம் முனகியே ஓட்டினோம். மிச்சம் பிடித்ததெல்லாம் பம்ப்பும் நாசிலும் ரிப்பேராகித் தின்றது என்பது வேறு விஷயம். அந்த ஒற்றைக்கண் படகுக்காரர் ஒரு மழை நாளில் வந்து, எல்லாத்தையும் லாரிக்காரர்களுக்கே விற்றுவிட்டேன், மகன் கடலில் இருக்கிறான், தேடிப் போக என் படகில் எண்ணெய் இல்லை, ரெண்டு கேன் திருப்பிக் கொடுங்கள் என்று கையேந்தி நின்றாரே, அதையும் மறக்கவில்லை. டேங்கையே உறிஞ்சிக் கொடுத்தோம். மகன் அவனாகவே கரை சேர்ந்துவிட்டான். ஆனாலும் அதற்குப் பிறகு அவர் நம்மைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நாமும் அடுத்த மாதமே வேறு படகுக்காரரிடம் போனோம், வெட்கம் கெட்டவர்கள்.

அப்புறம் ஒரு நாள் உங்களுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. முனகலும் நிஜம். அன்றைக்கு வந்த அதிகாரி ரொம்ப நல்லவர், அதுதான் வினை. இவ்வளவு காய்ச்சலோடு மனுஷனை லாரியில் போட்டு உலுக்கலாமா, எங்கள் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று ஆளை விட்டுத் தூக்கச் சொன்னார். போர்வை நழுவியது, பலகை சாய்ந்தது, டேங்கின் மூடி தெரிந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணைத் திறக்க முடியாத நீங்கள் சொன்னீர்கள்: "டேங்க் என்னுது. டீசல் என்னுது. மாப்ளைக்கு ஒண்ணும் தெரியாது சார், அவனுக்கு எழுத்தே தெரியாது."

எழுத்துக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உங்களை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு லாக்கப்பில் பதினோரு நாள் வைத்தார்கள். லைசென்ஸைப் பிடுங்கினார்கள். அந்தப் பதினோரு நாளும் உங்கள் தங்கச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள் நீங்கள் வந்து, எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த நீங்கள், கதவைத் திறந்து கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "போலாம் மாப்ளே, நேரமாகுது" என்றீர்கள். அப்புறம் பதின்மூன்று வருஷம் கிளீனராகவே வந்தீர்கள். டயர் மாற்றினீர்கள், கண்ணாடி துடைத்தீர்கள், ஒரு நாளும் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு மேட்டிலும் நினைப்பேன், மேடு ஏறியதும் கியரை மாற்ற வேண்டியிருக்கும்.

சரி, அது கிடக்கட்டும். பழக்கப்பட்ட ஆள் என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே வந்துவிட்டால், எப்படிச் சொல்வது என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். முடிந்தால் கொஞ்சம் இருமிக்கொண்டே சொல்லவும். மகளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும். பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், பிரேக் சரியாக இருக்கிற வண்டிகளோடும் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் முழங்கால் உங்களுக்கு அடங்கி நடக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
(பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: மச்சான், நீங்கள் வர வேண்டாம். முழுதாக எழுதி முடித்ததும் கடைக்காரர் ஆரம்பத்திலிருந்து வாசித்துக் காட்டினார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரியவரே, கோர்ட்டுல இதுக்குக் கடுதாசின்னு பேர் இல்ல. வாக்குமூலம்னு பேரு" என்றார். பதின்மூன்று வருஷம் கிளீனர் சீட்டில் உட்கார்ந்தவரை இன்னொரு தடவை போய் உட்கார் என்று கேட்டிருக்கிறேன் என்பது எனக்கு அவர் வாயால் கேட்டபோதுதான் உறைத்தது. புதன்கிழமை காலையில் நானே போய் இந்தக் காகிதங்களை அந்த அதிகாரியம்மாவின் மேஜைமேல் வைத்தேன். ஒரு பக்கம் விடாமல் படித்தார். முனகல் வருகிற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அப்புறம் அந்த உள் டேங்க் சரியாக எவ்வளவு அகலம் என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார். அசலைக் கோப்பில் வைத்து முத்திரை குத்திவிட்டார். உங்களுக்கு வருவது நகல். நம் ஒன்பது வருஷமும் இப்போது அரசாங்கத்திடம் இருப்பதால் கொஞ்ச காலத்துக்கு நீங்கள் இந்தப் பக்கமே வராமல் இருப்பது நல்லது. பெர்மிட் தப்பியது, அபராதம் மட்டும்தான். சாந்தத்தின் மேல் குற்றம் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். உங்கள் மருமகன் என்னிடம் கேட் சாவியை வாங்கிக்கொண்டு, நான் பயந்த அதே வார்த்தையை, ஒரு எழுத்து மாறாமல் சொன்னான். அப்புறம் சாந்தம் வீட்டுக்குப் போய் வாசலில் வெகுநேரம் நின்றான். நானும் பின்னாலேயே போனேன். சாந்தம் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்கிறான், வியாழக்கிழமை மத்தியானம் அவன் சாப்பிட்டு முடித்துச் சீக்கிரமே வந்துவிட்டானாம், நான் கேனைச் சாய்த்ததைக் கேட் பக்கத்திலிருந்து பார்த்தானாம். பார்த்தவன் அன்றைக்கே ஏன் தடுக்கவில்லை, சனிக்கிழமை ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "கிளீனர் சீட்டுப் பக்கமா நிமிந்து பாத்து யார்கிட்டயோ பேசிட்டிருந்தீங்க. ரொம்ப நாளா சொல்லாம வச்சிருந்தது மாதிரி பேசினீங்க. அதுக்கு நடுவுல வரக் கூடாதுன்னு போயிட்டேன். அப்புறம் அதப் போய் எல்லாரு முன்னாடியும் எப்பிடிச் சொல்றது" என்றான்.

வண்டியில் யாரும் இல்லை மச்சான்.